சீட்டாட்டத்துக்குச் சட்டம் எழுதிய ஸ்தானிகர்

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. 1870-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கிராமத்து மாளிகையில் விருந்து நடந்தது. அந்தக் காலத்து மாளிகை விருந்து ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிகிற காரியம் அல்ல. அழைக்கப்பட்டவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, நாள் கணக்கில் தங்குவார்கள். பகலில் வேட்டையும் குதிரைச் சவாரியும் நடக்கும். இரவானால் சீட்டு.

வந்திருந்தவர்களில் ஒருவர் அமெரிக்கர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கட்டுக்குட்டான உடல். வலது கை சரியாக வழங்காது. அமெரிக்க சர்க்காரின் ஸ்தானிகராக லண்டனில் இருந்தவர் அவர். தம் நாட்டுச் சீட்டாட்டம் ஒன்றை அவர் மற்ற விருந்தாளிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று. ஆனால் ஆட்டமோ புதிது. யார் முதலில் பணம் வைப்பது, யார் கடைசியில் பேசுவது, வைத்த பணத்தை விட்டுவிட்டு எப்போது எழுந்திருக்கலாம் என்றெல்லாம் தகராறு வந்தால் தீர்த்து வைக்க ஆள் வேண்டாமா? ஆகவே, விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி சீமாட்டி ஒருவர் அவரைக் கேட்டுக் கொண்டார். அவரும் மறுக்கவில்லை. சீமாட்டி அதைச் சிறு பிரசுரமாக அச்சடித்துத் தம் நண்பர்களுக்கு வழங்கிவிட்டார்.

அந்த ஆட்டத்துக்குப் போக்கர் என்று பெயர். எழுதியவர் ராபர்ட் கம்மிங் ஸ்கெங்க். காங்கிரஸ் அங்கத்தினராகவும், சேனாதிபதியாகவும், இரண்டு கண்டங்களில் ஸ்தானிகராகவும் இருந்த மனிதர். இத்தனை இருந்தும் இன்று அவர் பெயரைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சீட்டாட்டக்காரர்கள்தான். அவர் பெயர் கெட்டதற்குக் காரணமும் ஒரு காகிதமே. அது ஒரு வெள்ளிச் சுரங்கக் கம்பெனியின் அறிக்கை. சீட்டாட்ட விதிகளும் சுரங்க அறிக்கையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அச்சேறியவை.

தகப்பனை இழந்த பிள்ளை

ஸ்கெங்க் 1809-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ஓஹயோ மாகாணத்தில் பிராங்க்ளின் என்ற ஊரில் பிறந்தார். ஊரை உண்டாக்கியவரே அவருடைய தகப்பனார்தான். காட்டை அளந்து, மனை பிரித்து, ஊருக்குப் பெயரும் வைத்தவர் அவர். ஆனால் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே, 1821-ல், தகப்பனார் காலமானார். ஜேம்ஸ் பிண்ட்லே என்ற சேனாதிபதி கார்டியனாக இருந்து பையனைப் படிக்க வைத்தார். மயாமி சர்வகலாசாலையில் 1827-ல் பட்டம் பெற்ற ஸ்கெங்க், பின்னர் தாமஸ் கார்வின் என்ற புகழ்பெற்ற வக்கீலிடம் சட்டம் பயின்று, டேடன் நகரில் தொழில் நடத்தினார்.

தொழில் பலித்தது. கூர்மையான நாக்கு. நாலு பேர் கேட்கப் பேசும்போது எதிரியை ஒரே வாக்கியத்தில் மடக்கிவிடுவார் என்று பெயர் எடுத்தார். அப்படிப்பட்டவர் அரசியலுக்குப் போகாமல் இருப்பது எப்படி? 1841-ல் ஓஹயோ சட்டசபை. 1843-லிருந்து 1851 வரை அமெரிக்கப் பிரதிநிதி சபை. அடிமை முறையை எதிர்த்து வரும் மனுக்களைச் சபையில் விவாதிக்கவே கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. அதை ஒழிக்கப் போராடியவர்களில் அவரும் ஒருவர். மெக்ஸிகோ மீது நடந்த யுத்தத்தையும் கண்டித்துப் பேசினார்.

வீட்டில் மட்டும் நிம்மதி இல்லை. 1834-ல் மணந்த மனைவி 1849-ல் க்ஷயரோகத்தால் இறந்து போனார். பிறந்த ஆறு பெண்களில் மிஞ்சியவர்கள் மூவர். ஸ்கெங்க் மறுமணம் செய்து கொள்ளவில்லை.

1851-ல் அவர் பிரேஸிலுக்கு ஸ்தானிகராக அனுப்பப்பட்டார். லா பிளாட்டா நதிகளில் அயல்நாட்டுக் கப்பல்கள் போய்வரும் உரிமை பற்றி 1853-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில் அவர் கையெழுத்து இருக்கிறது. ஊர் திரும்பியபின் சில காலம் ரயில்வே வியாபாரத்தில் ஈடுபட்டார். 1859-ல் ஆபிரகாம் லிங்கன் டேடன் நகருக்கு வந்து பேசிவிட்டுப் போனார். அன்று மாலை நடந்த கூட்டத்தில், அடுத்த ஜனாதிபதியாக இருக்கத் தக்கவர் இவரே என்று ஸ்கெங்க் எடுத்துச் சொன்னாராம். லிங்கன் பெயரை ஜனாதிபதி பதவிக்குப் பகிரங்கமாகச் சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் என்ற பெருமை இதனால் அவருக்கு உண்டு.

வாள் பிடித்த கை

உள்நாட்டு யுத்தம் வந்தது. ஐம்பது வயதைக் கடந்த வக்கீல் பிரிகேடியர் ஆனார். முதல் அனுபவமே கேவலமாக முடிந்தது. 1861-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, வர்ஜீனியாவில் வியன்னா என்ற சிற்றூரை நோக்கி அவர் தம் சிப்பாய்களை ரயிலில் ஏற்றிக் கொண்டு போனார். வளைவில் எதிரியின் பீரங்கி காத்திருந்தது. குண்டு விழுந்ததும் இஞ்சின் டிரைவர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு இஞ்சினோடு ஓடிவிட்டார். சிப்பாய்கள் நடந்தே திரும்ப வேண்டியதாயிற்று. முன்னால் வேவு பார்க்காமல் ரயிலில் போன சேனாதிபதியைப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன.

அந்த ஏளனத்தை அவர் அடுத்த ஆண்டு துடைத்துக் கொண்டார். 1862 ஆகஸ்டில் நடந்த இரண்டாவது புல் ரன் யுத்தத்தில் முன்னணியில் நின்றார். குண்டு ஒன்று வலது மணிக்கட்டை நொறுக்கியது. வாள் தெறித்து விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தால்தான் களத்தை விட்டுப் போவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். கை அதோடு போயிற்று. மேஜர் ஜெனரல் பட்டம் வந்தது.

அதே 1862-ல் டேடன் தொகுதியில் அவர் காங்கிரஸ் அபேட்சகராக நின்று, யுத்தத்தை எதிர்த்து வந்த வலாண்டிகாம் என்பவரைத் தோற்கடித்தார். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு பால்டிமோர் பகுதியில் படைத்தலைவராக இருந்துவிட்டு, 1863 டிசம்பரில் சபைக்குத் திரும்பினார். யுத்தம் முடிந்தபின் வரிகளையும் நிதியையும் கவனிக்கும் கமிட்டிக்கு அவரே தலைவர். யுத்தச் செலவுக்காக சர்க்கார் கடன் பத்திரங்களை விற்றிருந்தது. வாங்கியவர்களுக்கு மதிப்புக் குறைந்த காகித நோட்டுகளைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். ஸ்கெங்க் அதை ஏற்கவில்லை. நம்பிப் பணம் போட்டவர்களுக்குத் தங்கமாகவே திருப்பித் தரவேண்டும் என்று 1869-ல் சட்டம் கொண்டுவந்து நிறைவேற்றினார். இந்தச் சங்கதியை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

1870 தேர்தலில் அவர் தோற்றார். வித்தியாசம் 53 வோட்டு. ஜனாதிபதி கிராண்ட் பழைய தோழரைக் கைவிடவில்லை; லண்டன் ஸ்தானிகர் பதவியைக் கொடுத்தார். புறப்படும் முன் இன்னொரு வேலையும் இருந்தது. உள்நாட்டு யுத்தத்தில் தென்னவர்களுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்ட அலபாமா முதலிய கப்பல்கள் வடக்கு வியாபாரிகளின் சரக்குகளை நாசம் செய்திருந்தன. நஷ்ட ஈடு கேட்டு இரு நாடுகளுக்கும் இடையே பெரிய மனஸ்தாபம். அதைத் தீர்க்க அமைக்கப்பட்ட கமிஷனில் ஸ்கெங்கும் இருந்தார். 1871 மே மாதம் வாஷிங்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஜூன் மாதம் அவர் லண்டன் வந்து சேர்ந்தார். மத்தியஸ்தர்கள் 1872-ல் ஜினீவாவில் கூடி, இங்கிலாந்து 1 கோடியே 55 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நடுவில் வழக்கே முறிந்துபோகும் நிலை வந்தபோது, லண்டனில் பேசிப் பேசி அதைக் காப்பாற்றியவர்களில் ஸ்கெங்கும் ஒருவர். ஸ்தானிகர் என்ற முறையில் அவர் சாமர்த்தியசாலிதான்.

ஆட்டத்தின் சூட்சுமம்

போக்கர் பிறந்தது மாளிகையில் அல்ல. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திலும் மிஸ்ஸிஸிப்பி நதியில் ஓடிய நீராவிப் படகுகளிலும் வளர்ந்த ஆட்டம் அது. பிரெஞ்சுக்காரர்களின் போக் என்ற ஆட்டத்திலிருந்து பெயர் வந்தது என்பர். ஆரம்பத்தில் இருபது சீட்டோடு ஆடினார்கள். பின்னர் ஐம்பத்திரண்டும் சேர்ந்தன. உள்நாட்டு யுத்தக் கூடாரங்களில் வடக்கு, தெற்கு என்ற பேதமில்லாமல் சிப்பாய்கள் அதை ஆடினார்கள். இங்கிலாந்தின் பெரிய வீடுகளிலோ விஸ்ட் என்ற ஆட்டம்தான் மரியாதைக்குரியது. பணயம் கட்டி ஆடும் பிராக் என்ற பழைய ஆங்கில ஆட்டமும் உண்டு. நம் ஊர் மூன்று சீட்டு அந்தப் பிராக்கின் வழித்தோன்றல் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுவோர் கருதுகிறார்கள். ஆகவே மூன்று சீட்டு ஆடத் தெரிந்தவர்களுக்கு ஸ்கெங்கின் விதிகள் பாதி புரிந்த மாதிரிதான்.

ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரே இலக்கத்தில் இரண்டு சேர்ந்தால் ஜோடி. மூன்று சேர்ந்தால் அதைவிட உயர்வு. நான்கு சேர்ந்தால் இன்னும் உயர்வு. வரிசையாக ஐந்து, ஒரே ஜாதியில் ஐந்து என்று வேறு சில சேர்க்கைகளும் உண்டு. வேண்டாத சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒரு தடவை மாற்றிக் கொள்ளலாம். இதுவரை குழந்தைகூடப் புரிந்து கொள்ளும். தகராறு வருவதெல்லாம் பணம் வைக்கும் முறையில்தான். ஸ்கெங்க் கவனமாக எழுதியதும் அதைத்தான்.

சீட்டுப் போடுகிறவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மூத்தகை என்று பெயர் வைத்துக் கொள்வோம். சீட்டுப் போடுவதற்கு முன்னாலேயே, தமக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே, அவர் ஒரு தொகையை நடுவில் வைத்துவிட வேண்டும். அது கண்ணை மூடிக் கொண்டு வைக்கும் பணம். மற்றவர்கள் அப்படி அல்ல. தங்கள் சீட்டைப் பார்த்தபின், ஆட்டத்தில் இருக்க விரும்பினால் அதைப்போல் இரண்டு பங்கு வைக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டுவிடலாம். யாராவது தொகையை உயர்த்தினால் மற்றவர்கள் அதற்குச் சரியாகக் கட்ட வேண்டும், அல்லது மேலும் உயர்த்த வேண்டும், அல்லது வைத்ததை இழந்து விலக வேண்டும். நான்காவது வழி கிடையாது.

கண்ணை மூடிப் பணம் வைத்தவருக்கு இதில் என்ன நியாயம்? அவருக்குக் கடைசிப் பேச்சு உண்டு. மற்ற எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் முடிவு சொல்வார். சீட்டு மாற்றிய பிறகும் அவருக்கு இடப்பக்கம் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும், மூத்தகை கடைசி. அவர் ஆட்டத்தை விட்டு விலகிவிட்டாலும் அந்த உரிமை பக்கத்து ஆளுக்குப் போகாது. புதிதாக ஆடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஐந்து பேர் ஆடுகிறார்கள். மூத்தகை 1 ஷில்லிங் வைக்கிறார். சீட்டுப் போட்டாயிற்று. இரண்டாமவர் 2 ஷில்லிங் வைத்து உள்ளே வருகிறார். மூன்றாமவர் சீட்டைப் போட்டுவிடுகிறார். நான்காமவர் 4 ஷில்லிங் வைத்து உயர்த்துகிறார். சீட்டுப் போட்ட ஐந்தாமவர் விலகுகிறார். இப்போது மூத்தகை இன்னும் 3 வைத்தால்தான் இருக்கலாம், வைக்கிறார். இரண்டாமவர் இன்னும் 2 வைக்கிறார். நடுவில் 12 ஷில்லிங் சேர்ந்தாயிற்று.

சீட்டு மாற்றுகிறார்கள். நான்காமவர் ஒரே ஒரு சீட்டு மட்டும் மாற்றுகிறார். மற்ற இருவரும் அதைக் கவனிக்கிறார்கள். இரண்டாமவர் முதலில் பேச வேண்டும். 5 ஷில்லிங் கட்டுகிறார். நான்காமவர் முகத்தில் சலனமே இல்லை. 10 ஷில்லிங்கை நடுவில் தள்ளுகிறார். மூத்தகை பெருமூச்சோடு விலகுகிறார். இரண்டாமவர் இன்னும் 5 வைத்தால் நான்காமவரின் சீட்டைப் பார்க்கலாம். யோசிக்கிறார். தம் கையில் இருப்பது ஒரு ஜோடிதான். போட்டுவிடுகிறார். நடுவில் இருந்த 27 ஷில்லிங்கும் நான்காமவருக்கு. அதில் 14 அவருடைய சொந்தப் பணம், 13 லாபம். அவர் கையில் என்ன இருந்தது? ஒரு ஜோடிகூட இல்லாமல் இருந்திருக்கலாம். அவர் காட்ட வேண்டியதில்லை. பணம் கட்டிப் பார்க்காதவருக்குச் சீட்டைப் பார்க்கும் உரிமை கிடையாது என்பது விதி.

இந்தச் சவடால்தான் ஆட்டத்தின் உயிர். ஆட்டத்தில் ஜெயிக்க அதிர்ஷ்டம், நல்ல சீட்டு இவற்றோடு தாராளமான துணிச்சலும், கோபப்படாத சுபாவமும் வேண்டும் என்று ஸ்கெங்க் தம் பிரசுரத்தில் யோசனை சொல்லியிருக்கிறார். அந்நாளில் போக்கர் மேஜைகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கையில் இருந்த பணம் தீர்ந்துபோனவரை விரட்டிவிடக் கூடாது. அவர் வைத்த அளவுக்குச் சீட்டைக் காட்டும்படி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. சீமான் தன் பணப்பையைக் காட்டியே ஏழையை ஆட்டத்திலிருந்து தள்ளிவிட முடியாதபடி செய்யும் ஏற்பாடு அது. பணயம் கட்டும் விளையாட்டில் இருக்கக்கூடிய நியாயம் அவ்வளவுதான்.

பிரசுரம் மாளிகைகளைச் சுற்றிக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரே கூச்சல். நாட்டின் கௌரவத்தைக் காப்பாற்ற அனுப்பிய ஸ்தானிகர், ஆங்கிலப் பிரபுக்களுக்குச் சூதாட்டம் கற்றுக் கொடுக்கிறாரா? பாதிரிமார்கள் பிரசங்க மேடையில் கண்டித்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. ஸ்கெங்குக்கு இது வேதனையாகவே இருந்தது. ஒரு வீட்டில் விருந்தாளிகளின் பொழுதுபோக்குக்காக எழுதியதை யாரோ அச்சடித்து ஊரெல்லாம் பரப்பினால் அவர் என்ன செய்வார்? இந்த விஷயத்தில் அவருக்காகப் பரிந்து பேசலாம். அடுத்த விஷயம் அப்படி அல்ல.

எம்மா என்ற வெள்ளிச் சுரங்கம்

யூட்டா பிரதேசத்தில் சால்ட் லேக் நகரத்துக்கு அருகே லிட்டில் காட்டன்வுட் என்ற மலை இடுக்கு இருக்கிறது. அங்கே 1860-களின் இறுதியில் வெள்ளி கிடைத்தது. எம்மா என்று அந்தச் சுரங்கத்துக்குப் பெயர். கனிமம் அத்தனை உயர்ந்த ரகம். அதை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகர உலைகளுக்கு அனுப்பினால்கூடக் கட்டுப்படியாயிற்று. டிரெனர் பார்க் என்ற அமெரிக்க வியாபாரியும் அவருடைய கூட்டாளிகளும் சுரங்கத்தைக் கைப்பற்றினார்கள். லண்டனில் கம்பெனி சேர்த்து விற்றுவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

விற்பதற்கு முதலில் வேண்டியது பெரிய பெயர்கள். ஏல் சர்வகலாசாலைப் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன் சுரங்கத்தைப் பார்த்துப் புகழ்ந்து அறிக்கை கொடுத்தார். அதற்கு அவர் பெற்ற சன்மானம் 25,000 டாலர். லண்டனில் கம்பெனி மிதக்க விடுவதில் கைதேர்ந்த ஆல்பர்ட் கிராண்ட் என்பவர் விற்பனையை ஏற்றார். ஜனாதிபதி கிராண்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பார்லிமெண்டு உறுப்பினர்கள் டைரக்டர்களாகச் சேர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெயர் தேவைப்பட்டது. யூட்டா எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆங்கிலப் பென்ஷன்காரர் எதைப் பார்த்து நம்புவார்? அமெரிக்காவின் ஸ்தானிகரே டைரக்டராக இருந்தால் நம்புவார்.

லண்டனில் ஸ்தானிகராக வாழ்வது லேசான செலவு அல்ல. வீடு, வண்டி, விருந்து என்று பிரபுக்களுக்குச் சமமாக நடக்க வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 17,500 டாலர். ஸ்கெங்குக்குச் சொந்தச் சொத்து அதிகம் இல்லை. பார்க் வழி காட்டினார். 10,000 பவுன் பெறுமான ஷேர்கள், அதாவது ஒன்று 20 பவுன் வீதம் 500 ஷேர்கள், ஸ்கெங்க் பெயருக்கு. அதற்கான பணத்தைப் பார்க் கடனாகக் கொடுத்தார். வேண்டாம் என்று தோன்றினால் நஷ்டமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் ஒப்பந்தம். ஆட்ட மேஜையில் உட்காருகிறவருக்குப் பணத்தையும் கொடுத்து, தோற்றால் தோற்றதையும் தருகிறேன் என்றால் அது எப்படிப்பட்ட ஆட்டம்? ஸ்கெங்க் சொந்தக் காசு ஒன்றும் வைக்கவில்லை. அவர் வைத்தது தம்முடைய பதவிப் பெயரை.

1871 நவம்பரில் கம்பெனியின் அறிக்கை வெளியாயிற்று. மூலதனம் 10 லட்சம் பவுன். டைரக்டர்கள் பட்டியலில் அமெரிக்க ஸ்தானிகரின் பெயர் பதவியோடு அச்சாகியிருந்தது. ஷேர்கள் பறந்தன.

செய்தி வாஷிங்டனுக்குப் போயிற்று. ராஜாங்க மந்திரி ஹாமில்டன் பிஷ் திகைத்தார். கம்பெனியிலிருந்து விலகிக் கொள்வதுதான் நல்லது என்று நவம்பர் இறுதியில் லண்டனுக்குத் தந்தி பறந்தது. நல்லெண்ணத்தோடுதான் சேர்ந்தேன், இதில் தவறு என்ன என்ற தோரணையில் ஸ்கெங்க் பதில் அனுப்பினார். பிறகு டிசம்பரில் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். ஆனால் அது ஊருக்குத் தெரிந்தது 1872 ஜனவரியில். வாரக்கணக்கான அந்த இடைவெளியில் ஷேர் வாங்கிய ஒவ்வொருவரும், ஸ்தானிகர் இன்னும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணியே வாங்கினார்கள். விலகியபோதும், சுரங்கத்தில் தமக்கு நம்பிக்கை குறையவில்லை என்றே தெரிவித்துக் கொண்டார்.

தொடக்கத்தில் எல்லாம் ஜோராக நடந்தது. மாதந்தோறும் நூற்றுக்கு ஒன்றரை வீதம் லாபப் பங்கு வந்தது. வருஷத்துக்குப் பதினெட்டு! பாங்கியில் கிடைக்கிற வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், போட்ட பணம் போதாதென்று மேலும் போட்டார்கள். பூமிக்கு அடியிலோ நிலைமை வேறு. எம்மாவில் இருந்தது மலையை ஊடுருவிப் போகும் வெள்ளி நரம்பு அல்ல. ஒரு பெரிய அறையில் நிரப்பி வைத்தாற்போல் திரண்டிருந்த கனிமம். அறை காலியானால் கதை முடிந்தது. 1872-ல் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது, மண் சரிந்தது, தோண்டியவர்கள் வெறும் பாறையைத்தான் கண்டார்கள். ஆண்டு இறுதியில் லாபப் பங்கு நின்றது. ஷேர் விலை சரிந்து சரிந்து, கடைசியில் 20 பவுன் ஷேரைச் சில ஷில்லிங்குக்கும் கேட்பாரில்லை.

போக்கர் மேஜையில் உட்காருகிறவர் எவருக்கும், எதிரே இருப்பவர் சவடால் அடிக்கலாம் என்பது தெரியும். அதற்குச் சம்மதித்துத்தான் உட்காருகிறார். சேமிப்பைக் கொண்டுவந்து எம்மாவில் போட்ட ஆங்கிலேயர்களுக்குத் தாங்கள் ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பதே தெரியாது. கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குத் தங்கம்தான் தரவேண்டும் என்று 1869-ல் வாதாடிய அதே மனிதர், இரண்டே ஆண்டில் இப்படி ஒரு காரியத்துக்குப் பெயர் கொடுத்தது எப்படி? ஸ்கெங்குக்குச் சுரங்கத்தின் உண்மை முன்பே தெரிந்திருந்தது என்று எவரும் நிரூபித்ததில்லை. பார்க் காட்டிய அறிக்கையை அவரும் நம்பியிருக்கலாம். ஆனால் கையில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் பணயம் கட்டுவது மூத்தகைக்கு மட்டுமே உரிய காரியம் என்று எழுதியவர் அவர். அதையும் சொந்தப் பணத்தில்தான் கட்ட வேண்டும்.

விசாரணை

பணம் இழந்தவர்களின் கூக்குரல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிற்று. 1876-ல் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் வெளிநாட்டு விவகாரக் கமிட்டி விசாரணை தொடங்கியது. கிராண்ட் ஆட்சியின் ஊழல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொண்டிருந்த ஆண்டு அது. ஸ்கெங்க் பதவியை ராஜிநாமா செய்துவிட்டுத் தாயகம் திரும்பி, கமிட்டி முன் ஆஜரானார். ஒரு காலத்தில் இதே சபையில் கமிட்டித் தலைவராக உட்கார்ந்து மற்றவர்களைக் குறுக்கு விசாரணை செய்தவர் அவர்.

பங்குதாரர்களை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஸ்கெங்குக்கு இருந்ததாகக் கமிட்டி முடிவு கூறவில்லை. ஆனால் தாம் பதவி வகிக்கும் நாட்டிலேயே வியாபாரக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்தது ஸ்தானிகரின் கடமைக்குப் பொருந்தாத, யோசனையற்ற செயல் என்று கண்டித்தது. குற்றவாளி அல்ல, நிரபராதியும் அல்ல என்கிற மாதிரி. பார்க் மீது நியூயார்க்கில் கம்பெனி தொடுத்த வழக்கும் 1877-ல் பார்க்குக்குச் சாதகமாகவே முடிந்தது. பங்குதாரர்கள் இழந்த பணம் இழந்ததுதான்.

ஸ்கெங்க் அதன்பின் எந்தப் பெரிய பதவிக்கும் வரவில்லை. வாஷிங்டனிலேயே தங்கி வக்கீல் தொழிலைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பிரசுரம் அவரை விடவில்லை. 1880-ல் புரூக்ளினில் அது மறுபடி அச்சாயிற்று. அதன்பின் வெளிவந்த சீட்டாட்டப் புத்தகங்கள் பலவற்றில் அவருடைய விதிகள் எடுத்தாளப்பட்டன. பாதிரிமார்கள் எதைக் கண்டித்தார்களோ அதுவே அவருக்கு நிலைத்த புகழாக மாறிக் கொண்டிருந்தது. சீட்டைப் பார்க்குமுன் இடப்பக்கத்துக்காரர் பணம் வைக்கும் வழக்கம் இன்றைய போக்கர் வகைகளிலும் இருக்கிறது. ஒருவருக்குப் பதில் இருவர் வைக்கிறார்கள் என்பதே வித்தியாசம்.

1890-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, தமது எண்பதாவது வயதில், ஸ்கெங்க் வாஷிங்டனில் காலமானார். உடலை டேடனுக்குக் கொண்டுபோய், முப்பது ஆண்டுகளுக்கு முன் லிங்கனுக்காக அவர் பேசிய அதே நகரின் உட்லாண்ட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.